ஆர்.என். காவும் 'ரா'வின் தொடக்கமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுப் பொருள்

1968 செப்டம்பர் 21 அன்று இந்தியாவின் வெளிநாட்டு உளவுப் பணி, அதுவரை அதைக் கவனித்துவந்த ஐ.பி. எனப்படும் உளவுத்துறையிடமிருந்து பிரிக்கப்பட்டு, அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் ஒரு தனிப் பிரிவாக அமைந்தது. 'ஆராய்ச்சி மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு' என்று அதற்குப் பெயரிட்டார்கள். உளவு என்ற சொல் அந்தப் பெயரில் எங்கும் இல்லை. பின்னாளில் 'ரா' என்ற சுருக்கப் பெயரே நாடெங்கும் நிலைத்துவிட்டது. ஐ.பி.யிலிருந்து வந்த ஏறக்குறைய 250 பேரும், ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கீடும்தான் அதன் தொடக்க மூலதனம். முதல் தலைவராக அமர்ந்தவர் அப்போது 50 வயதை எட்டியிருந்த ராமேஷ்வர் நாத் காவ்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவு, தெற்காசியாவின் வரைபடத்தையே மாற்றிய ஒரு போரில் பங்காற்றியது. ஒன்பதே ஆண்டுகளில், டெல்லியில் ஆட்சி மாறியதும், அதன் தலைவர் வெளியேற வேண்டியதாயிற்று. அமைப்பின் நிதியும் ஆள்பலமும் வெட்டப்பட்டன. அவ்வளவு விரைவான எழுச்சிக்கும் அவ்வளவு எளிதான சரிவுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் இங்கே முன்வைக்கப்படும் கருத்து. காவ் கட்டிய அமைப்பு, ஒரு பிரதமருக்கும் ஓர் அதிகாரிக்கும் இடையே இருந்த நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டது. அந்த நம்பிக்கைக்கு அவர் தகுதியானவராக இருந்தார். அதனாலேயே அதற்கு ஒரு சட்டத்தின் துணை தேவை என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

இளமை

காவ் 1918 மே 10 அன்று வாரணாசியில் ஒரு காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தந்தையின் உடன்பிறந்தார் ஒருவரின் ஆதரவில் வளர்ந்தார். லக்னோவில் பட்டப்படிப்பை முடித்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தார். ஐக்கிய மாகாணத்தில் பணியாற்றியவரை, நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் ஐ.பி.க்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே அவருக்கு முதலில் தரப்பட்டது முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பு. நேருவின் பாதுகாப்பையும் அவர் கவனித்தார். நாட்டின் முதல் பிரதமரும் அவருடைய மகளும் இந்த அதிகாரியைத் தங்கள் கண்முன்னால் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்கள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். 1968-ல் இந்திரா காந்தி அவரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களில் இது சிறியதல்ல.

'காஷ்மீர் பிரின்சஸ்' விசாரணை

காவ் எப்படி வேலை செய்தார் என்பதை அறிய, அவர் தலைவராவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு விசாரணையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

1955 ஏப்ரல் 11 அன்று ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்சஸ்' என்ற விமானம் ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்டது. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடக்கவிருந்த ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டுக்குச் சென்ற சீனக் குழுவினரும் பத்திரிகையாளர்களும் அதில் இருந்தார்கள். சீனப் பிரதமர் சூ என்லாய் அதில் பயணம் செய்வார் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவர் ஏறவில்லை, ரங்கூன் வழியாக வேறு விமானத்தில் சென்றார். புறப்பட்டு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து, தென்சீனக் கடலின் மேல் 18,000 அடி உயரத்தில் விமானத்தின் வலப்புற இறக்கையருகே குண்டு வெடித்தது. விமானிகள், தாங்கள் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு மூன்று முறை அபாயச் செய்தி அனுப்பினார்கள். அதன்பின் வானொலி அடங்கிவிட்டது. பணிப்பெண் கிளோரியா பெரி பயணிகளுக்கு உயிர்காப்பு உடைகளை எடுத்துக் கொடுத்தார். விமானி ஜடார் எரியும் விமானத்தைக் கடலில் இறக்க முயன்றார். 19 பேரில் 16 பேர் இறந்தார்கள். பணியாளர்களில் மூவர் மட்டும் நீந்திப் பிழைத்தார்கள். கிளோரியா பெரிக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது; அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அன்றைய நிகழ்வை உலக அரசியலின் ஒரு சதியாக மட்டும் பேசிவிட்டு, அந்தக் கடைசி நிமிடங்களில் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களை விட்டுவிடக் கூடாது என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

விசாரணையின் சிக்கல் அசாதாரணமானது. விமானம் இந்தியாவுடையது, அதைத் தயாரித்தது அமெரிக்க நிறுவனம். இறந்த பயணிகளில் பெரும்பாலோர் சீன அரசின் ஆட்கள். விமானம் விழுந்தது இந்தோனேசியாவின் நதுனா தீவுகளுக்கு அருகே. அதில் எரிபொருள் நிரப்பிப் பராமரிப்புச் செய்த இடமோ பிரிட்டிஷாரின் ஆளுகையில் இருந்த ஹாங்காங். சந்தேகமோ தைவானை நோக்கிச் சென்றது. இவர்களில் எவரும் மற்றவரை முழுதாக நம்பவில்லை. சீனாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே குற்றச்சாட்டுகள் வெளிப்படையாகவே பறந்தன. அப்படியொரு இடத்தில் இந்தியாவின் சார்பில் நின்றவர், 37 வயதை எட்டிக்கொண்டிருந்த காவ். பெய்ஜிங்கில் சூ என்லாயை நேரில் சந்தித்து விளக்கவும், ஹாங்காங்கில் பிரிட்டிஷ் காவல்துறையோடு சேர்ந்து விசாரிக்கவும் அவரால் முடிந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய் விற்றுவிடமாட்டார் என்ற எண்ணம் இரு பக்கத்திலும் உருவானதுதான் அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

வெடித்தது நேரம் குறித்து வைக்கப்பட்ட குண்டு என்பது கடலிலிருந்து மீட்கப்பட்ட பாகங்களால் உறுதியாயிற்று. ஹாங்காங் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்யும் பணியாளர் ஒருவர்மீது சந்தேகம் விழுந்தது. ஆனால் அவர் கைது செய்யப்படுவதற்கு முன்பே மே மாதத்தில் தைவானுக்குப் பறந்துவிட்டார். ஹாங்காங் அரசு ஒரு லட்சம் ஹாங்காங் டாலர் பரிசு அறிவித்திருந்தும் பயனில்லை. வழக்கு நீதிமன்றத்தில் முடியவில்லை. ஆனாலும் சூ என்லாய் தம் சொந்த முத்திரை ஒன்றை நினைவுப் பொருளாகக் காவுக்கு அளித்தார் என்பது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. குற்றவாளி தப்பிவிட்ட ஒரு வழக்கில் விசாரணை அதிகாரிக்கு அப்படியொரு பரிசு கிடைத்ததென்றால், அது விசாரணை நடந்த நேர்மைக்குக் கிடைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

கானாவும் சர்பாத்தியாவும்

1950-களின் இறுதியில், புதிதாக விடுதலை பெற்ற கானாவின் தலைவர் குவாமே இன்க்ரூமா தம் நாட்டுக்கு ஒரு வெளிநாட்டு உளவு அமைப்பு வேண்டும் என்று கேட்க, நேரு காவை அங்கே அனுப்பினார். ஓர் உளவு அமைப்பை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுப்பும் வேலையை அவர் முதலில் கற்றது அங்கேதான். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்தவர் கேரளத்தைச் சேர்ந்த கே. சங்கரன் நாயர், 'ரா'விலும் அவரே காவின் வலக்கரமாக இருந்தார்.

1962-ன் சீனப் போருக்குப் பின், வானிலிருந்து எல்லையைக் கண்காணிக்க வானூர்தி ஆய்வு மையம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஒடிசாவின் சர்பாத்தியாவில் அதன் விமானத் தளம் அமைந்தது. அதற்கும் முதல் தலைவர் காவ்தான். ஆக, 1968-ல் நாற்காலியில் அமர்ந்தவர் ஏற்கெனவே இரண்டு அமைப்புகளை அடித்தளத்திலிருந்து கட்டியவர்.

தனி அமைப்பு ஏன்?

1962-ல் சீனாவின் நோக்கத்தை ஐ.பி. சரியாகக் கணிக்கவில்லை என்ற பழி ஏற்கெனவே இருந்தது. 1965 போரின்போது பாகிஸ்தான் படையின் வலிமை பற்றிய செய்திகள் போதவில்லை என்று ராணுவம் குறைகூறியது. 1966-ல் மிசோ மலைகளில் வெடித்த கிளர்ச்சியும் அரசை எதிர்பாராமல் தாக்கியது. உள்நாட்டு அரசியலையும் வெளிநாட்டுப் படைகளையும் ஒரே அலுவலகம் பார்ப்பதில் இருந்த சுமை இவற்றால் வெளிப்பட்டது. இந்திரா காந்திக்கு இன்னொரு காரணமும் இருந்தது: கட்சிக்குள் தம் பிடி இன்னும் உறுதியாகாத நிலையில், உள்துறை அமைச்சரைக் கடந்து தமக்கே நேரடியாகப் பதில் சொல்லும் ஓர் அமைப்பு அவருக்குத் தேவைப்பட்டது. நிர்வாகக் காரணமும் அரசியல் காரணமும் ஒன்றாகக் கலந்தே இந்த அமைப்பு பிறந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது முழு உண்மையாகாது.

காவ் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். காவல்துறையிலிருந்து மட்டுமன்றி வேறு துறைகளிலிருந்தும், நேரடித் தேர்விலும் ஆட்களை எடுத்தார். அதற்கெனத் தனிப் பணிப்பிரிவு ஒன்றும் உருவாயிற்று. சென்னையைச் சேர்ந்த பி. ராமன் போன்றவர்கள் தொடக்கத்திலேயே அங்கு வந்து சேர்ந்து, வாழ்நாள் முழுவதும் காவைத் தங்கள் ஆசானாக மதித்தார்கள். அவர் வளர்த்த அதிகாரிகளை 'காவ்பாய்ஸ்' என்றே அழைக்கும் வழக்கம் வந்தது. வேண்டியவர்களின் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்ற குறையும் அந்தக் காலத்திலேயே எழுந்தது. வெளியே தேர்வு அறிவிப்பு கொடுக்க முடியாத ஓர் அமைப்பில் அறிமுகத்தின் மூலமே ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது என்ற விளக்கம் உண்டு. ஆனால் அந்த விளக்கத்தைச் சரிபார்க்க வெளியில் ஒருவரும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

1971

1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற 'கங்கா' என்ற விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, அங்கே எரிக்கப்பட்டது. அதையடுத்துப் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய வான்வழியைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து, இன்று வங்கதேசமாக இருக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் செல்லும் விமானங்கள் இலங்கையைச் சுற்றிக் கொழும்பில் எரிபொருள் நிரப்பிச் செல்ல வேண்டியதாயிற்று. மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் தாக்குதலைத் தொடங்கியபோது இந்த நீண்ட வழி பாகிஸ்தானுக்குப் பெரும் சுமையாக இருந்தது.

ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்த அந்த மாதங்களில், வங்கதேச விடுதலைக்காகப் போரிட்ட முக்தி பாகினிப் போராளிகளுக்குப் பயிற்சியும் ஆதரவும் அளிப்பதில் 'ரா' ராணுவத்தோடு இணைந்து செயல்பட்டது. 1962-க்குப் பின் திபெத்தியர்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட சிறப்பு எல்லைப்படை, சிட்டகாங் மலைப்பகுதியில் இறக்கப்பட்டது. ஆனால் காவின் வேலைத்திறம் தெளிவாகத் தெரிவது அந்தப் போர் தொடங்கிய நாளில்தான். சங்கரன் நாயர் பின்னாளில் பதிவு செய்திருப்பது இது: பாகிஸ்தான் விமானப்படை டிசம்பர் 1 அன்று தாக்கும் என்று ஒரு செய்தி வந்தது. இந்திய விமானப்படை உஷார் நிலைக்குச் சென்றது. அன்று எதுவும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. விமானிகளை இப்படியே எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்று விமானப்படைத் தலைமை கேட்டது. இன்னும் ஒரு நாள் பொறுக்குமாறு காவ் கேட்டுக்கொண்டார். டிசம்பர் 3 மாலை பதான்கோட், அமிர்தசரஸ், ஸ்ரீநகர் உள்ளிட்ட விமானத் தளங்கள்மீது தாக்குதல் நடந்தது. ஓடுபாதைகளில் சேதம் ஏற்பட்டாலும் விமானங்கள் பெரிதும் தப்பின.

தம் செய்தி இரண்டு நாள் பொய்த்த பிறகும் அதன்மேல் ஒருவர் நிற்பதற்கு, அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, கொடுத்தவர் யார், அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டா என்பதையெல்லாம் அவர் நன்றாக எடைபோட்டிருக்க வேண்டும். கேட்பவர்களும் அவர்மேல் நம்பிக்கை வைத்திருக்க வேண்டும். இரண்டும் அன்று இருந்தன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகளானார்கள்.

டாக்காவுக்குக் கொண்டுபோன எச்சரிக்கை

1974 டிசம்பரில் காவ் தாமே டாக்காவுக்குச் சென்று வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரகுமானைச் சந்தித்தார். வங்கதேச ராணுவத்துக்குள் சிலர் அவரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்பதே அவர் கொண்டுபோன செய்தி. அவர்கள் என் பிள்ளைகள், எனக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்ற பொருளில் முஜிப் அதை ஒதுக்கிவிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேலும் விவரங்களோடு இன்னோர் அதிகாரியை அனுப்பியும் அவர் மனம் மாறவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அதிகாலையில் முஜிபும், மனைவியும், பிள்ளைகளும், மருமகள்களும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டில் இருந்த இரு மகள்கள் மட்டும் எஞ்சினார்கள்.

'ரா' முன்கூட்டி அறியவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக 1989-ல் ஒரு வார இதழுக்கு எழுதியபோதுதான் காவ் இந்தச் சந்திப்பை வெளியே சொன்னார். அதுவரை 14 ஆண்டுகள் பேசாமல் இருந்தார். உளவுச் செய்தியின் எல்லை எது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. செய்தி சரியாக இருந்தது, உரிய நேரத்தில் சென்றது, உரியவர் காதிலேயே விழுந்தது. கேட்டவர் தம் மக்களின்மேல் வைத்த அன்பினால் அதை நம்ப மறுத்தார்.

இதே 1975-ல் சிக்கிம் இந்தியாவின் 22-ஆவது மாநிலமாக இணைந்தது. அங்கே மன்னராட்சிக்கு எதிராக எழுந்த கட்சிகளுக்குப் பின்னால் 'ரா' இருந்தது என்பதை அதில் பங்கேற்ற அதிகாரிகளே பின்னர் எழுதியிருக்கிறார்கள். அதை வெற்றி என்று மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு சிறு நாட்டின் மக்கள் வாக்களித்த முடிவில் எவ்வளவு அவர்களுடையது என்ற கேள்வியை இத்தகைய மறைமுக வேலை என்றென்றைக்கும் எழுப்பிவிடுகிறது.

1977

நெருக்கடி நிலைக் காலத்தில் எதிர்க்கட்சியினரை வேவு பார்க்க 'ரா' பயன்படுத்தப்பட்டது என்ற ஐயம் பரவியிருந்தது. 1977 மார்ச்சில் மொரார்ஜி தேசாய் பிரதமரானபோது, அவர் அந்த அமைப்பை முந்தைய பிரதமரின் கருவியாகவே பார்த்தார். காவ் வெளியேறினார். அடுத்து வந்த சங்கரன் நாயர், தலைவர் பதவியின் தகுதியைக் குறைக்கும் முடிவை ஏற்காமல் சுமார் மூன்றே மாதங்களில் விலகினார். என்.எஃப். சந்தூக் தலைவரானார். ஒதுக்கீடு குறைக்கப்பட்டது, பலர் வேலையிழந்தார்கள், வெளிநாடுகளில் சிரமப்பட்டு அமைத்த தொடர்புகள் பல கைவிடப்பட்டன.

மொரார்ஜியை மட்டும் இதற்குக் குறைகூறுவது நியாயமல்ல. ஒரு புதிய பிரதமர், தம்மைச் சிறையில் அடைத்த ஆட்சியின் ரகசிய அமைப்பைப் பற்றி அறிந்துகொள்ள விரும்பினால், அவர் எதைப் புரட்டிப் பார்ப்பார்? அதன் கடமை இது, அதிகாரம் இவ்வளவு, உள்நாட்டில் அது செய்யக் கூடாதது இன்னது என்று கூறும் சட்டம் எதுவும் இல்லை. நாடாளுமன்றக் குழு ஒன்றிடம் கேட்டறியலாம் என்றால், அப்படியொரு குழுவும் இல்லை. எஞ்சியது காவ் என்ற மனிதரின் சொல் மட்டுமே. அந்த மனிதரோ இந்திரா காந்தியின் மனிதர் என்று அறியப்பட்டவர். ஐயத்தைப் போக்க ஆவணம் இல்லாத இடத்தில் ஐயமே முடிவாயிற்று.

மீண்டும் டெல்லி

1980-ல் இந்திரா காந்தி திரும்ப வந்த பிறகு, காவை அமைச்சரவைச் செயலகத்தில் மூத்த ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். பின்னாளில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவி செய்யும் வேலையின் முன்வடிவம் அது. நீண்டகால நோக்கில் பாதுகாப்பை ஆராய ஒரு கொள்கை ஆய்வுப் பிரிவை அவர் உருவாக்கினார்.

தமிழ் வாசகர்கள் இந்தக் கட்டத்தைக் கடந்துபோக முடியாது. 1983 ஜூலைக் கலவரத்தில் இலங்கைத் தமிழர்கள் கொல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் படகேறி ராமேஸ்வரம் வந்தபின், ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்தியாவில் ஆயுதப் பயிற்சி அளிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. அந்தப் பணியைச் செய்தது 'ரா'. அப்போது அதன் தலைவர் கிரீஷ் சந்திர சக்சேனா. பிரதமரின் மூத்த ஆலோசகர் காவ். ஒரே நேரத்தில் பல குழுக்களை வளர்த்த அந்தக் கொள்கையின் விளைவுகளை, குழுக்களுக்கிடையே நடந்த கொலைகளிலும், 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களிலும், அந்தப் படையால் துன்பப்பட்ட யாழ்ப்பாண மக்களிலும், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரிலும் நாம் பார்த்தோம். டாக்காவில் ஓராண்டுக்குள் பலித்த முறை இலங்கையில் பலிக்கவில்லை. இதுபற்றி நாடாளுமன்றம் முன்கூட்டி விவாதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி விவாதிக்கும் வழியே இருக்கவில்லை என்பது அன்றைய ஏற்பாட்டின் குறை.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தம் வீட்டுத் தோட்டத்தில் தம் காவலர்களாலேயே சுடப்பட்டார். காவ் ஐ.பி.யில் தம் பணியை நேருவின் பாதுகாப்பு அதிகாரியாகத் தொடங்கியவர். அந்த மரணத்துக்குப் பின் அவர் பதவியிலிருந்து விலகினார். அதன்பிறகு டெல்லியில் மிக அமைதியாக வாழ்ந்தார். குதிரைகளைச் சிற்பமாக வடிப்பது அவருக்குப் பிடித்த கலை. 2002 ஜனவரி 20 அன்று இறந்தார். தன்வரலாறு எதையும் அவர் வெளியிடவில்லை. கடைசிக் காலத்தில் தம் நினைவுகளை ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து நேரு நினைவு நூலகத்தில் ஒப்படைத்தார். அவற்றில் சில பகுதிகளைத் தாம் இறந்து பல ஆண்டுகள் கழியும்வரை திறக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை.

எழுதப்படாத பகுதி

கார்கில் போருக்குப் பின் 1999-ல், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, வெளிநாட்டு உளவுச் செய்திகளைத் திரட்டுவதிலும் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதிலும் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. அதன் தொடர்ச்சியாகப் பாதுகாப்பு உளவு முகமையும், தொழில்நுட்ப உளவுக்கான தனி அமைப்பும் தோன்றின. அமைப்புகள் பெருகின, அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் மட்டும் வரவில்லை.

1985-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், உளவு அமைப்புகளில் பணிபுரிவோர் சங்கம் அமைக்கும் உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. 2005-ன் தகவல் உரிமைச் சட்டம், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்கள் நீங்கலாக, 'ரா'வுக்கு விலக்கு அளிக்கிறது. அதாவது, ஊழியர் எதைச் செய்யக் கூடாது என்பதற்கும், குடிமக்கள் எதைக் கேட்கக் கூடாது என்பதற்கும் சட்டம் உண்டு. அமைப்பு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு இல்லை. 2011-ல் மனீஷ் திவாரி மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். உளவு அமைப்புகளுக்குச் சட்ட அடிப்படையும் நாடாளுமன்றக் கண்காணிப்பும் வேண்டும் என்பது அதன் சாரம். அது சட்டமாகவில்லை.

காவ் இந்த வேலையை முடித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் என்று நான் நினைக்கிறேன். 1972-ல், டாக்கா வெற்றிக்குப் பின், அவர் ஒரு சட்ட வரைவைப் பிரதமரின் மேசையில் வைத்திருந்தால் அதை மறுக்கும் நிலையில் எவரும் இருந்திருக்கமாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த ஒவ்வொருவரும், 1968-ல் அவர் பெற்றதைப் போலவே, ஒரு நிர்வாக ஆணையையும் அன்றைய பிரதமரின் நம்பிக்கையையும் மட்டுமே கையில் வைத்துக்கொண்டு பணியைத் தொடங்கியிருக்கிறார்கள்.